சீனி எவ்வளவு என்று கடைக்காரர் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியத் தமிழர்களான நம்மவர்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) அதிகம் வருவதற்கு மனவுறுதி இல்லாததே காரணம் என்று வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

என் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிப் பால் எடுத்தவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியும் முன்பே பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போய்விடுவார்கள். அதற்குமுன் வயிற்றில் விழுவது சீனி அள்ளிப் போட்ட வரக்கோப்பி மட்டும்தான். மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால் வாளி சுமந்த உடம்பு அந்தச் சீனியை எரித்துவிடும். இவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? பிள்ளைகளான நாங்கள் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் போனோம். வேலை மாறியது, சீனியின் அளவு மாறவில்லை.

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே சுகத்துக்காகத் திரும்பத் திரும்பச் செய்வதை மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்ற பகுதி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் நாம் யோசிப்பதே இல்லை. கடையைப் பார்த்ததும் கை தானாக நீள்கிறது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1970களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பியபின் அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. போர்க்களமும் அங்கிருந்த கூட்டாளிகளும் மலிவாகக் கிடைத்த சரக்கும் ஊரில் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

சூழலை மாற்றினால்தான் பழக்கம் மாறும் என்பதை நம் தோட்டத்து மக்கள் முன்பே புரிந்துவைத்திருந்தார்கள் என்பது என் எண்ணம். 1946, 47ல் கெடாவில் தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பினர் குடிக்காதே என்று புத்தி சொன்னதோடு நிற்கவில்லை. நேரே கள்ளுக்கடை வாசலிலேயே மறியல் செய்தார்கள்.

கிளினிக்குக்கு ஒரு பெரியவர் வருவார். எத்தனை முறை திட்டியும் இரத்தச் சீனி இறங்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, காலையில் கூட்டாளிகளோடு ஒட்டுக்கடையில் உட்கார்வதுதான் அவருக்கு உயிர். டின் பால் போட்ட தே தாரேக் என்ற இனிப்பு டீ அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று. கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்வதை விட்டுவிட்டோம். அவர் மகள் கடைக்காரரிடம் ஒரே ஒரு தடவை பேசினார்: "அண்ணே, அப்பா வந்தா கேக்காம தே ஓ கோசோங் வச்சிருங்க." பாலும் சீனியும் இல்லாத தேநீர் அது. அதே மேசை, அதே கூட்டாளிகள், அதே பேச்சு. முதலில் முகம் சுளித்தவர் பிறகு அதையே கேட்டு வாங்க ஆரம்பித்தார். மருந்தும் அதற்கப்புறம்தான் ஒழுங்காக வேலை செய்தது.

இதெல்லாம் ஒரு வாரத்தில் நடக்காது. லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், புதிய பழக்கம் படிய நடுமட்டமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லையாம். நோயாளிகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். தீபாவளிக்கு இரண்டு பலகாரம் சாப்பிட்டுவிட்டு, எல்லாம் போச்சு என்று பழைய வழிக்கே திரும்பியவர்கள் அதிகம்.

வீட்டில் சீனி டின்னை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றுங்கள். தேநீர்க் கடைக்காரர்கள் சீனியைத் தாமாகப் போடாமல் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுப் போடட்டும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் போடும் அன்பர்கள் வெறும் தண்ணீரையும் சீனியில்லாத தேநீரையும் முன்வரிசையில் வைத்து, சிராப் என்ற இனிப்புப் பானத்தைக் கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். பெரிய செலவு இல்லை. வரும் தைப்பூசத்துக்கே கோவில் நிர்வாகங்கள் இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்.