பலகையில் நின்றவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகு விளையாட்டின் வரலாறு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் சென்னையில் யாட் கிளப் தொடங்கியதில் ஆரம்பித்து, டோக்கியோ ஒலிம்பிக் போன நேத்ரா குமணன் வரை சொல்லியிருந்தீர்கள். (கணித மேதை இராமானுஜன் குமாஸ்தா வேலை பார்த்த துறைமுகக் கழகத்துக்கு இந்த ஸ்பிரிங்தான் தலைவர். அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.) ஆனால் சென்னைக்குத் தெற்கே கடலே கிடையாது என்பது போலக் கட்டுரை முடிந்துவிட்டது.

தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை பக்கம் வந்து பாருங்கள். திருவிழா என்றால் பாய்மரப் படகுப் போட்டி இருக்கும். படகுக்குப் பெரும்பாலும் ஆறு பேர். பாய் காற்றைப் பிடித்ததும் படகு ஒரு பக்கமாகச் சாயும். உடனே குறுக்கே வெளியே நீட்டிய பலகையில், காற்று வரும் பக்கமாக ஆட்கள் ஏறிப் போவார்கள். நுனியில் நிற்பவன் காலுக்குக் கீழே வெறும் தண்ணீர்தான். காற்று சற்றே தளர்ந்தாலும் மளமளவென்று உள்ளே வந்துவிட வேண்டும். பிந்தினால் அவனும் போவான், படகும் போகும். நானும் இளவயதில் நின்றவன்தான்; உள்ளங்கால் இன்றும் மறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் படகுப் போட்டியில் நம் வருண் தக்கரும் கே.சி.கணபதியும் பாய்மரத்தில் கட்டிய கம்பியில் தொங்கிச் செய்தது இதே வேலைதான். அவர்களுக்கு இடுப்பில் பட்டை உண்டு, எங்களுக்கு அதுவும் கிடையாது.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், பாக் நீரிணைப் படகுகளின் இந்தப் பலகையை நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்து எழுதிவைத்திருக்கிறார். வெள்ளைக்காரர் குறித்துவைத்ததை நாம் குறிக்கவில்லை. இப்போது வள்ளத்துக்கெல்லாம் இன்ஜின் வந்துவிட்டது. பாய் கட்டத் தெரிந்தவர்கள் வயசாளிகள். பிரப்பன்வலசையில் அரசு நீர் விளையாட்டு அகாடமி என்கிறார்கள். அங்கே இவர்களில் நாலு பேரையாவது கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்கள் ஊர்ப் போட்டிச் செய்தியில் கொடியசைத்தவர், பரிசு கொடுத்தவர், முன்னிலை வகித்தவர் பெயரெல்லாம் வருகிறது. ஜெயித்த படகுக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான். அடுத்த முறை அந்த ஆறு பேர் பெயரையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் முன்னிலை வகித்தவர்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நம்புதாளை, இராமநாதபுரம் மாவட்டம்.