தீர்த்தமலைப் படியில் கூழ் கொடுத்த அக்காவுக்கு

அரூர் பக்கம் தீர்த்தமலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். வெயிலுக்கு முன்னால் ஏறியிருக்க வேண்டும். என் சோம்பேறித்தனம், பத்து மணிக்குத்தான் அடிவாரமே வந்தோம். பாதி வழியில் அம்மாவுக்குத் தலை சுற்றி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீங்கள் விறகுச் சுமையோடு இறங்கி வந்தீர்கள் அக்கா. நான் கூப்பிடவே இல்லை. சுமையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, துண்டை நனைத்து அம்மாவின் பிடரியில் போட்டீர்கள். உங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ராகிக் கூழைத் தூக்குவாளி மூடியில் ஊற்றி, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தீர்கள். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் வேறு. அதை உரித்த விரல்களில் முள் கிழித்த கோடுகள்.

நான் பணம் நீட்டியிருக்கக் கூடாது. “ஏன் சாமி, கூழுக்குப் போயி காசா?” என்று சிரித்துவிட்டுச் சுமையைத் தூக்கிக்கொண்டீர்கள்.

அப்புறம் மெதுவாக ஏறிப் போனோம். ராமர் அம்பு எய்து வரவழைத்தது என்று சொல்வார்களே, பாறையிலிருந்து விழும் அந்தத் தண்ணீர், அதை அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். “கீழ குடிச்சதும் இதே தீர்த்தம்தான்டா” என்றார்.

உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பச்சைக் கட்டம் போட்ட உங்கள் துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. அரூர்க்காரர்கள் யாராவது அவரிடம் சொல்லுங்கள்: துவைத்து மடித்து வைத்திருக்கிறோம், அடுத்த மாதம் கொண்டுவருகிறோம்.