கிட்டங்கியில் குடியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரப் பழைய கட்டடங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, எல்லாவற்றையும் அருங்காட்சியகம் ஆக்கச் சொல்லி முடிந்திருந்தது. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகமாக இருக்கிறது, சரி. மிச்சமுள்ள கிட்டங்கிகளுக்கும், அதாவது பழைய சரக்குக் கிடங்குகளுக்கும், டிக்கெட் கிழிக்க வேண்டுமா? அவற்றில் மனிதர்கள் குடியிருக்கட்டுமே.

இங்கிலாந்தின் பிளிமத் ஊரில் மகன் வேலை பார்க்கிறான். போயிருந்தபோது ராயல் வில்லியம் யார்டுக்குக் கூட்டிப்போனான். கடற்படைக் கப்பல்களுக்கு ரொட்டி, இறைச்சி, பீர் எல்லாம் கொடுத்தனுப்ப 1826இல் கட்ட ஆரம்பித்த கருங்கல், சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். (பீர் வடிக்கும் கூடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே மாலுமிகளுக்குப் பீர் படியை நிறுத்திவிட்டார்களாம். அரசாங்க வேலை எந்த ஊரிலும் ஒன்றுதான்.) 1992இல் கடற்படை காலி செய்தது. இப்போது அங்கே வீடுகள், சாப்பாட்டுக் கடைகள், அலுவலகங்கள். மகனின் நண்பர் வீட்டுக் கூடத்தில் நட்டநடுவே ஒரு வார்ப்பிரும்புத் தூண். பாதுகாக்கப்பட்ட கட்டடம், அதைத் தொடக்கூடாதாம். அவர் மனைவி அதில் துண்டு காயப்போட்டிருந்தார்!

ஆள் புழங்காத கட்டடம் என்ன ஆகும் என்று நாகைக்குத் தெரியும். சூடாமணி விகாரம் என்ற பழைய பௌத்த மடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று நிலைக் கோபுரம் இங்கே நின்றது. கப்பல்காரர்களுக்கு அதுதான் கரை அடையாளம். கூரை போய்ச் சிதைந்து நின்றதை 1867இல் இடித்தே விட்டார்கள்.

ஆனால், குடிவைப்பதாகச் சொல்லிச் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். நான் ஓவர்சீயராக இருந்தவன், என் சித்தப்பா வீட்டிலேயே பார்த்தேன். பழைய சுண்ணாம்புச் சுவரில் கொத்தனார் சிமெண்ட் பூசினார், பளபளவென்றுதான் இருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. கடல்காற்றின் உப்பு உள்ளேயே தங்கி, இரண்டு ஐப்பசி கழிவதற்குள் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு. அப்புறம் எல்லாவற்றையும் கொத்திவிட்டு, ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பே பூசினோம். செலவு இரட்டிப்பு.

இன்னொன்று, கேட்டைப் பூட்டக்கூடாது. பிளிமத்தில் குடியிருப்பவர்கள் வீட்டைத்தான் பூட்டுகிறார்கள், முற்றத்தையும் கடலோர நடையையும் அல்ல. நாங்கள் ஒரு பவுண்டும் கொடுக்காமல் சாயங்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தோம். இங்கே அப்படி விடுவார்களா? கிட்டங்கி நிழலில் வலை பின்னுகிறவரை எழுப்பிவிட்டுத்தான் காவலாளி நாற்காலி போடுவார். திட்டம் போடுபவர்கள் அந்த வலை பின்னுகிறவர் உட்காரும் இடத்தை முதலில் வரைபடத்தில் குறிக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்,
வெளிப்பாளையம், நாகப்பட்டினம்.