அயர்ந்த விமானியும் பழுதான விமானமும்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என எங்கள் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வளைகுடா நாட்டுக்கு ஒருவரையேனும் அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறதே தவிர, பயணிகளுக்கென மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் விமானம் ஏறுகிறோம், அதுவும் பல நேரம் ஊர் உறங்கும் வேளையில்.

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து 141 பயணிகளுடன் ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், சக்கரம் முதலியவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு ஏற்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். போயிங் 737-இல் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி இல்லாததால், எரிபொருள் செலவாகி, பாதுகாப்பாகத் தரையிறங்கும் அளவுக்கு எடை குறையும்வரை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டு, யாருக்கும் காயமின்றி அது தரையிறங்கியது. இத்தகைய வேளையில் விமானிகள் இருவரும் சோதனைப் பட்டியலை வரி பிசகாமல் படித்து, எந்த அமைப்பு இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று பிரித்தறிந்து, எடையையும் ஓடுதள நீளத்தையும் கணக்கிட்டு, கட்டுப்பாட்டு அறையோடும் பணியாளர்களோடும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று அது மாலை நேரம். இதே கோளாறு, அடுத்தடுத்த இரவுகளில் பணி பார்த்த இருவருக்கு, உடல் உறக்கத்துக்கு ஏங்கும் பின்னிரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே நேர்ந்தால் என்னவாகும் என்பதே எங்கள் கவலை. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் பாம்பன் படகோட்டி நங்கூரத்தைப் போட்டுவிட்டு நிதானமாக யோசிக்கலாம்; விமானிக்கு அது வாய்க்காது.

2010 மே 22 அன்று காலை மங்களூரில் 158 உயிர்களைப் பலிகொண்ட விமானத்தில் இயந்திரக் கோளாறு எதுவும் இருக்கவில்லை. துபாயிலிருந்து வரும் வழியில் நெடுநேரம் உறங்கி எழுந்த தலைமை விமானிக்கு உறக்க மயக்கம் முழுதும் விலகாததால் முடிவெடுக்கும் திறன் குன்றியிருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை கூறிற்று; தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்பச் சொன்ன துணை விமானியின் குரலுக்கும் அவர் செவிசாய்க்கவில்லை. பழுதற்ற விமானத்திலேயே இந்நிலை.

2024 ஜனவரியில் தங்கள் அலுவலகம் திருத்திய விமானிகளின் பணிநேர விதிகள், வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுப்பணியில் ஒரு விமானி செய்யக்கூடிய தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. அவை முழுமையாக நடைமுறைக்கு வர 2025 நவம்பர் ஆயிற்று. அடுத்த மாதமே இண்டிகோவின் விமானங்கள் பெருமளவில் ரத்தானதும், அந்நிறுவனத்துக்கு இரவுப்பணி விதிகளில் தற்காலிகத் தளர்வு அளிக்கப்பட்டது. பயணிகள் பட்ட அவதி பெரிதுதான். ஆயினும், போதிய விமானிகளை அமர்த்தாத நிறுவனத்தின் குறையை, இருக்கிற விமானிகளின் உறக்கத்தைக் கொண்டு ஈடுகட்ட அனுமதித்தது சரியென எங்களுக்குத் தோன்றவில்லை.

விமானத்தில் ஒரு பழுது இருப்பதாகத் தொழில்நுட்பப் பதிவேட்டில் விமானி எழுதிவிட்டால், பொறியாளர் அதைச் சரிசெய்தோ, விதிப்படி பின்னர் சரிசெய்ய ஒத்திவைத்தோ கையொப்பமிடும்வரை அந்த விமானம் புறப்படாது. அதே விமானி “நான் அயர்ந்திருக்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்கும் அதே வலிமை இருக்க வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் பணிப்பட்டியல் போடும் நிறுவன அலுவலரின் விருப்பமாக இருக்கலாகாது. அயர்ச்சியைத் தெரிவித்தவரைத் தண்டிக்கலாகாது என்பது தங்கள் விதியின் நோக்கமே என்பதால், ஊதியப் பிடித்தம் போன்ற மறைமுகத் தண்டனைகளையும் தணிக்கை செய்யுங்கள். பழுதுகள் ஒத்திவைக்கப்பட்ட விமானத்தை, தொடர்ச்சியாக இரண்டாம் இரவு பறக்கும் குழுவிடம் ஒப்படைக்காதிருக்கவும் வழி செய்யுங்கள்.

நிறுவனங்கள் காலாண்டுதோறும் தங்களிடம் அளிக்க வேண்டிய அயர்ச்சி அறிக்கைகளை, விமானிகளின் பெயர்களை நீக்கி, எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, மறுத்ததற்குக் காரணம் என்ன என்ற விவரங்களுடன் பொதுவில் வெளியிடுமாறும், அடுத்த காலாண்டிலேயே அதைத் தொடங்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வளைகுடாப் பயணி ஒருவர்,
கீழக்கரை.