மார்ச் மாதம் நீ கப்பலேறி வா, அக்கா

அக்கா,

மார்ச் மாதம் இங்கிலாந்தில் உன் வீட்டிலிருந்து அம்மாவைத் திரும்பப் பிரான்ஸுக்குக் கூட்டிவர நான் வரப்போவதில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதான் கொண்டுவந்து விட வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே "இரு, மாமாகிட்ட குடுக்கறேன்" என்பாய். மாமாவிடம் நான் என்ன சண்டை போட முடியும்? நான் எழுதுவதை நீ ஒன்றுவிடாமல் படிக்கிறாய் என்று உன் சின்னவள் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். பாரிஸ் சித்தி வீட்டிலும் புதுச்சேரியிலும் படிப்பார்கள் என்று தெரியும். அப்பா காரியம், லாஸ்பேட்டை மனை எதுவும் இங்கே வராது. பயப்படாதே.

நெய் விஷயத்தை மட்டும் பேசியாக வேண்டும். "பெத்தவ ஆசையா காய்ச்சின நெய்ய வழியில யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டியாமே" என்று சித்தி என்னையே கேட்கிறாள். நீ அவளிடம் எப்படிச் சொன்னாயோ. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே நார்மண்டியில் நெஃப்ஷாத்தெல் சந்தையில் உப்பு போடாத வெண்ணெயாகக் கேட்டு வாங்கினாள் அம்மா. அடுப்பைச் சின்னதாக வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலிக்கு நிற்க முடியாது. கண் இப்போது அவ்வளவாகத் தெரியாததால் காதால்தான் பதம் பார்க்கிறாள். படபடப்பு அடங்கியதும் "எறக்கு, எறக்கு" என்று என்னை விரட்டினாள். பாரிஸ் லா ஷப்பேல் கடையிலிருந்து வந்த முருங்கைக்கீரையில் ஒரு கொத்தைக் கிள்ளிப் போட்டாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மூடி வைத்த ஜாம் பாட்டில் இருக்கிறதே, அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து ஊற்றினாள். காலையில் பார்த்தால் மணல் மணலாக உறைந்திருந்தது. உன் பெயரைச் சொல்லித்தான் மூடியை இறுக்கினாள். பக்கத்திலேயே இருக்கிற எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் வரக் கப்பலேற, தியெப் துறைமுகத்துக்குப் பெத்யூன் ஆற்றை ஒட்டிய பாதையில்தான் போனோம். கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு போட்ட அந்த நார்மண்டி மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னாள். ஆப்பிள் உதிர்கிற சமயம். விமானம் வேண்டாம், கடலுக்கடியில் போகிற ரயிலும் வேண்டாம் என்றாள். சைகோனிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலில் வந்த கதையை ஆர்க் ஊரைத் தாண்டும்வரை சொன்னாள். உனக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கதைதான். இந்தத் தடவை அதில் ஒரு ஆரஞ்சுப் பழமும் ஒரு மாலுமியும் புதிதாக வந்தார்கள். உன்னிடமும் சொன்னாளா?

துறைமுகத்தில் கார் வரிசையில் நிற்கும்போதுதான் அறிவிப்பைப் பார்த்தேன். ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிற பயணிகள் பால் பொருளோ இறைச்சியோ கையில் கொண்டுபோகக் கூடாது. ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் மாடுகளுக்குக் கோமாரி வந்ததால் 2025 ஏப்ரல் 12 முதல் அங்கே அந்தச் சட்டம் வந்திருக்கிறது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, சாண்ட்விச்சுக்குள் இருக்கிற பன்றிக்கறி வரைக்கும் சேர்த்தி. மிஞ்சினால் 5,000 பவுண்டு வரை அபராதம்.

"காய்ச்சி எடுத்த நெய்யில என்னடி நோய் வரும்?" என்றாள் அம்மா. அவள் கேட்டது நியாயம்தான். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் என்ன செய்யச் சொல்கிறாய்? எண்பது வயதுக்காரியை உட்காரவைத்து, அதிகாரி பையைக் கிளறி, அவள் கண்முன்னாலேயே பாட்டிலைக் குப்பையில் போடுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? அதற்கு மனசு வரவில்லை. கார்களை வழிகாட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். முதலில் வேண்டாம் என்றாள். அம்மா கண்ணாடியை இறக்கி, அப்பாவோடு ராணுவப் பாளையத்தில் குடியிருந்த காலத்துப் பிரெஞ்சில், சூடான சோற்றில் ஒரு கரண்டி போட்டுச் சாப்பிடு, உப்பு கொஞ்சம் தூவிக்கொள் என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தாள். பாட்டிலை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

யாரோ என்று சித்தியிடம் சொன்னாயே, அவள்தான் அது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

கப்பலில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மணி நேரம். கட்டிக்கொடுத்த புளிச்சோற்றையும் தொடவில்லை. அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, நீளமான கையை மடித்துவிட்டு, கண்ணாடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இங்கிலாந்துக் கரை தெரிந்ததும் வெளியே கூட்டிப்போகச் சொன்னாள். வலதுபக்கம் செவன் சிஸ்டர்ஸ் பாறைகள் வெயிலில் நின்றன. ரொம்ப நேரம் பார்த்தாள். "தியெப்லயும் இதே சுண்ணாம்புதானே?" என்றாள். ஆமாம் அம்மா, ஒருகாலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிலம்தான், கடல் நடுவில் அறுத்துக்கொண்டு வந்துவிட்டது என்றேன். "அப்ப அவளுக்கு வர்றதுக்கு என்ன?" என்றாள்.

அக்கா, அதற்கு நான் உனக்காகப் பொய் சொன்னேன். வேலை, பிள்ளைகள் படிப்பு, மாமாவின் உடம்பு. எத்தனையோ வருஷமாகச் சொல்கிற அதே பொய்தான். 2021 செப்டம்பர் வரை அடையாள அட்டையைக் காட்டியே நாங்கள் அங்கே வந்து போகலாம் என்றிருந்தது. இப்போது பாஸ்போர்ட், அதற்குமேல் பணம் கட்டி மின்னணு அனுமதி. அம்மாவைத் தலையை நிமிர்த்தச் சொல்லிப் படம் எடுத்து, அது சரியில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்து நான்தான் வாங்கினேன். கணக்குப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. சரி, பார்க்கிறேன்தான்.

கப்பல் போய்ச் சேர்ந்த நியூஹேவன் துறைமுகத்தில் பாஸ்போர்ட் பார்த்தவர் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்றார். என் மூத்த மகள் என்றாள் அம்மா. எத்தனை நாள் என்றார். அவள் போகச் சொல்கிறவரை என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, வசந்தம் வரை என்றேன். அவ்வளவுதான், போகச் சொல்லிவிட்டார். பையை யாரும் திறக்கவில்லை. சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கார் வெளியே வந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் மேலிருந்து இறங்கவில்லை.

அதன்பிறகு உன் வீட்டு வாசலில் நீ கேட்ட முதல் கேள்வி, "நெய் எங்கேம்மா?"

நீ ஆசையாகத்தான் கேட்டாய். எனக்குத் தெரியும். உனக்கு அந்த நெய் கிடைக்காமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். மன்னித்துக்கொள். ஆனால் அந்த வரிசையில் நான் இன்னொரு தடவை நின்றாலும் அதையேதான் செய்வேன்.

ராத்திரியில் அம்மாவுக்கு மூச்சு வாங்குமே, உனக்குப் பயமாக இருக்கிறதா? தலையணையை இரண்டாக வை. நீ பக்கத்தில் படுத்தால் தூங்கிவிடுவாள். நீ அவளுக்குத் தலை பின்னிவிடுகிற படத்தைப் பாப்பா அனுப்பினாள். அதைப் பார்த்து அழுதேன். பொறாமையும் இருந்தது.

அம்மா அங்கே தங்கலாம் என்கிற ஆறு மாதம் ஏப்ரல் தொடக்கத்தோடு முடிகிறது. அதற்குள் வா. மார்ச்சில் காற்று அடிக்கும். அம்மாவைக் கப்பலின் நடுவில் உட்கார வை, முன்பக்கம் வேண்டாம். உன் நீல பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குத் தியெப்பில் விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், புது ஏற்பாடு, அதற்குப் பயந்து நின்றுவிடாதே. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள். மாமாவுக்குக் கார் தர வசதிப்படாது என்றால் நடந்து ஏறிவிடலாம், நியூஹேவன் டவுன் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் பக்கம்தான். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவை. டிக்கெட்டை நீயே எடு, நான் எடுக்க மாட்டேன். எந்த நாள், எந்தக் கப்பல் என்று மட்டும் எழுது. தியெப்பில் காரோடு நிற்கிறேன்.

உன் தங்கச்சி