‘சமாளிச்சுக்கிறேன்’ என்றால் என்னவென்று எழுதிக்கொண்டீர்கள்?

சமூகப் பராமரிப்புச் சேவைகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், வீடு தேடி வந்து தகுதியை மதிப்பிடும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பக்கவாதம் வந்த பிறகு என் பெரியம்மாவின் வலது கை சரியாக வேலை செய்வதில்லை. குளிக்கவும் உடுத்தவும் உதவ ஓர் ஆள் வேண்டும் என்று விண்ணப்பித்தோம். மதிப்பீடு செய்ய ஓர் அலுவலர் வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு எங்கள் மொழி தெரியாது, பெரியம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. “மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நாளாகும், நீங்களே சொல்லிவிடுங்களேன்” என்றார். சரி என்று உட்கார்ந்தேன். அது என் தப்பு.

“நீங்களே குளிப்பீர்களா?”

“சமாளிச்சுக்கிறேன்.”

“கழிப்பறைக்குத் தனியாகப் போவீர்களா?”

பெரியம்மா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை நான். “அதெல்லாம் சமாளிச்சுக்கிறேன்னு சொல்லுப்பா” என்றார். நானும் சொன்னேன். படிவத்தில் ‘தானே செய்கிறார்’ என்று ஏறியது. சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது, இப்போதைக்குச் சேவை தேவையில்லையாம்.

சமாளிப்பது என்றால் என்னவென்று நான் சொல்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்து, நின்று, மறுபடி நாலு எட்டு. ஈரத்தரையில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குளியலையே தள்ளிப்போடுவது. ராத்திரி எழ வேண்டியிருக்குமே என்று பொழுது சாய்ந்தபின் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பொத்தான் வைத்த சட்டைகளையெல்லாம் யாருக்கும் சொல்லாமல் அலமாரியின் அடியில் போட்டுவிடுவது. கடைசியாகச் சொன்னது எனக்கே தற்செயலாகத்தான் தெரிய வந்தது.

உங்கள் கேள்விகளின் பூர்வீகம் எனக்குத் தெரியும். 1963-இல் சிட்னி கேட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் இருந்தவர்களும் ஆறு காரியங்களை வைத்து ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. நல்ல அளவுகோல்தான். ஆனால் அந்த ஆறில் பாதியை, தான் பெற்ற பிள்ளை எதிரிலோ மருமகள் எதிரிலோ ஒரு மூத்த பெண் வாய்விட்டுச் சொல்வாரா? ‘முடியுமா’ என்று கேட்டால் ‘முடியும்’ என்றுதான் பதில் வரும். ‘இன்று காலை எப்படிக் குளித்தீர்கள்’ என்று கேட்டிருந்தால் கதை வெளியே வந்திருக்கும்.

நினைவாற்றல் சோதனையிலும் இதே சிக்கல். 1975-இல் வந்து இன்றும் பல இடங்களில் புழங்கும் ஒரு சோதனை, ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொல்லும், ஒன்றை எழுதச் சொல்லும். பள்ளிக்கூடமே போகாதவருக்கு அங்கே மதிப்பெண் குறைந்தால் அது மறதியா? ஆஸ்திரேலியாவில் பல மொழிக்காரர்களை மனத்தில் வைத்து உருவாக்கிய ‘ரூடாஸ்’ என்ற சோதனை 2004-இலேயே வந்துவிட்டது. இன்னொன்று, மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவிப்போகிறது. நேற்றுவரை உங்கள் மொழியில் பேசியவர் இன்று தாய்மொழியில் மட்டும் பேசினால், அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாததற்குக் கொடுக்கும் விலை சில சமயம் மிகப் பெரியது. 1980-இல் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவில்லாத நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டார் சொன்னது ‘இன்டொக்சிகாடோ’ என்ற ஒரே சொல். அவர்களின் கியூபா பேச்சில் அதற்கு, சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். போதையேறியவர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போல அது ஒலித்ததால், போதைமருந்து என்று எடுத்துக்கொண்டு மருத்துவம் நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கைகால்கள் செயலிழந்துவிட்டன. இதில் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் இருந்தார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்ததுதான் கோளாறு.

எனக்குத் தெரிந்த, காது கேளாத ஒருவரின் கோப்பை ஓர் அலுவலகம் மூடிவிட்டது. காரணம், மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் பதில் இல்லை. (கோப்பின் முதல் பக்கத்திலேயே காது கேளாதவர் என்று எழுதியிருந்தது.) பார்வையில்லாதவருக்கு அச்சுக் கடிதம், கணினியே தொடாத முதியவருக்கு இணையத்தில் மட்டும் விண்ணப்பம் என்று இதை நீட்டிக்கொண்டே போகலாம், விடுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். உங்கள் ஏற்பாடு அந்தப் பழமொழியை அப்படியே விதியாக்கியிருக்கிறது, உங்கள் மொழியில், உங்கள் படிவத்தில், உங்கள் நேரத்தில் அழத் தெரிந்த பிள்ளைக்கு. 1971-இல் வேல்ஸில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் இதைத்தான் தலைகீழ் விதி என்று எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது.

கேட்டு வராதவர்களைப் பற்றி உங்கள் கூட்டங்களில் ஒரு வாசகம் அடிபடும்: “அந்தச் சமூகத்தார் தங்கள் பெரியவர்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.” பாராட்டு மாதிரி இருக்கும், எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ‘தாங்களே’ என்றால் யார்? வேலையை விட்ட மகள், முதுகு பிடித்துக்கொண்ட மனைவி. சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் 76.2 சதவீத நேரம் பெண்களுடையது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்குச் சொன்னது. அவர்கள் உங்களிடம் வராததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. எங்கே கேட்பதென்று தெரியாது, முன்பு கேட்டு அவமானப்பட்டிருப்பார்கள், அல்லது வருகிற உதவியாளர் ஆணாக இருப்பாரோ என்ற தயக்கம்.

இதையெல்லாம் சலுகையாகக் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, எங்கே யாரோடு வாழ்வதென்று தேர்ந்துகொள்ளும் உரிமையையும், அதற்கு வேண்டிய வீட்டு உதவியையும் சமூகச் சேவைகளையும் பற்றியே பேசுகிறது. பொதுமக்களுக்கான சேவைகள் அவர்களுக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும், அவர்கள் தேவைக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்கிறது.

நான் கேட்பதில் முதலானது, மதிப்பீட்டுக்கு வீட்டு ஆளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளை. பயிற்சி பெற்றவர் வரட்டும், நாளானாலும் பரவாயில்லை. சைகைமொழிக்கும் இதேதான். எந்த வழியில் தொடர்புகொள்வது என்று முதல் நாளே கேட்டுக் கோப்பில் எழுதுங்கள், எழுதியதைப் படியுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு, உங்கள் பகுதி மக்கள்தொகையில் யார் வரவே இல்லை என்றும் எண்ணிப் பாருங்கள். அப்புறம் அவர்கள் கூடும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

பெரியம்மாவுக்கு மறுமதிப்பீடு கேட்டிருக்கிறேன். மொழி தெரிந்த ஒரு பெண்ணை உடன் அனுப்புங்கள். கதவைத் திறந்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
அன்று தப்பாக மொழிபெயர்த்தவன்