பள்ளி நூலக அலமாரியின் பூட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி நூலகங்களைப் பற்றிய பேச்சு, இன்னும் எத்தனை நூல்கள் வாங்கலாம் என்பதோடு முடிந்துவிடுகிறது. வாங்கிய நூல்களுக்கு என்ன ஆகிறது என்பதை அங்கேயே பணிபுரியும் ஆசிரியர்கள் ஆராய வேண்டும் என்பது, மொரிசியஸ் தொடக்கப்பள்ளியொன்றில் தமிழ் கற்பிக்கும் என் வேண்டுகோள்.

இங்கு மொழிப்பாட வேளை வந்ததும் வகுப்பு பிரிந்துவிடும். தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, 2012 முதல் இங்குள்ள அன்றாடப் பேச்சுமொழியான கிரியோல் என்று அவரவர் எடுத்த மொழிக்கேற்பப் பிள்ளைகள் தனித்தனியே போய்விடுவார்கள். எல்லா மொழி நூல்களோடும் அவர்கள் மீண்டும் ஒன்றாக உட்காரக்கூடிய இடம் நூலகம்தான்.

நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் தமிழ் நூல்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். இரவல் பதிவேட்டைப் புரட்டினேன். ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன, ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை.

தலைமையாசிரியரின் இசைவோடு அடுத்த தவணையில் அலமாரியைத் திறந்து, பல மொழிப் படநூல்களை ஒரே மேசையில் பரப்பி, யார் எதை எடுக்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று நாள்தோறும் குறித்துவந்தேன். கடல்வாழ் உயிர்கள் பற்றிய நூலில் என் மாணவி ஒருத்தி எழுத்துக்கூட்டி ‘ஆமை’ என்று படித்தாள். பக்கத்தில் இருந்த இந்தி வகுப்புப் பையன் ‘கச்சுவா’ என்றான். பிறகு இருவரும் கிரியோலில் ‘தோர்தி’ என்று சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளோ படங்களைப் பார்த்துவிட்டு நூலை வைத்துவிட்டார்கள். அந்நூல்கள் வீட்டில் தமிழ் பேசும் தமிழகப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. கிரியோல் பேசி வளரும் பிள்ளைக்கு அதன் இரண்டாவது வரியே மலையாகிவிடுகிறது. நூல்களை எண்ணிக் கணக்கெடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

தன் பணியைத் தானே கவனித்து, மாற்றி, மறுபடியும் கவனிக்கும் இம்முறையைச் செயலாய்வு என்பார்கள். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, நேரம்தான் தேவை. கால அட்டவணையில் வாரம் ஒரு நூலக வேளையை ஒதுக்கி, அதைப் பாடநூலுக்குத் திருப்பிவிடாமல் காக்க வேண்டும். எல்லா மொழி ஆசிரியர்களும் தவணைக்கு ஒருமுறை கூடித் தங்கள் குறிப்புகளை ஒப்பிட வேண்டும். மோக்காவில் எங்கள் தமிழ்ப் பாடநூல்களைத் தயாரிக்கும் மகாத்மா காந்தி நிறுவனம் அவற்றைத் திரட்டினால், எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற வாசிப்பு நூல்களை எழுத அவையே அடிப்படையாகும். என் குறிப்பேட்டைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்